கருங்கண்ணாடியில் தெரியும் முகம்

நுழையும்முன்

எதிர்காலத்தைப் பற்றிய கனவுகளை வளர்ப்பது அறிவியல் புனைவு. அக்கனவுகள் தீக்கனவுகளாக மாறினால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்பதும் அதன் பணியே. தொலைக்காட்சி தோன்றிய காலந்தொட்டே இவ்வகைப் புனைவுகள் சின்னத்திரையில் இடம்பெற்று வருகின்றன. அவை பார்ப்போரை அச்சுறுத்துகின்றன. ஆயினும் பார்ப்போர் அவற்றை விரும்பியே பார்க்கின்றனர். அந்த அச்சத்தால் விளையும் பயன் யாது? அது பொழுதுபோக்கோடு முடிந்துவிடுகிறதா, அறிவின்பால் செலுத்துகிறதா? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

மின்சாரம் நின்றுபோன தெரு

கோடை முடியும் காலத்து மாலைப்பொழுது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் அமைதியான தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். பெரியவர்கள் தத்தம் வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருக்கின்றனர். வானில் ஒளியொன்று பாய்ந்து மறைகிறது. சற்றைக்கெல்லாம் மின்சாரம் நிற்கிறது, தொலைபேசிகள் ஒலியிழக்கின்றன, கார்கள் இயங்க மறுக்கின்றன. வேற்றுக்கோளினர் படையெடுக்கும் முன்பு மனித உருவில் சிலரை அனுப்பிவைப்பர் என்று கதைப்புத்தகத்தில் படித்ததை ஒரு சிறுவன் கூறுகிறான். தெருவைக் குலைப்பதற்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாகிறது. நேற்றுவரை நட்புடன் பழகியவர்கள் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். யாருடைய கார் தானாக இயங்கியது, யார் இரவில் உறங்காமல் வானைப் பார்த்து நின்றார் என்பனவெல்லாம் குற்றச்சாட்டுகளாகின்றன. இருட்டில் நடந்துவரும் அண்டைவீட்டாரை அன்னியர் எனக் கருதி ஒருவர் சுட்டுக் கொல்கிறார். தெருவெங்கும் கலவரம் மூள்கிறது. அருகிலுள்ள குன்றிலிருந்து வேற்றுக்கோளினர் இருவர் இதனைக் கண்டுகொண்டிருக்கின்றனர். அவர்கள் எந்தப் படைக்கலத்தையும் பயன்படுத்தவில்லை. இயந்திரங்களைச் சிறிதுநேரம் நிறுத்தியும் இயக்கியும் வைத்தது மட்டுமே அவர்கள் செய்த வேலை.

1960ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒளிபரப்பான இக்கதை, 'தி ட்விலைட் சோன்' என்னும் தொடரின் ஒரு பகுதியாகும். 1959 முதல் 1964 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 156 பகுதிகளாக வெளிவந்த அத்தொடரை உருவாக்கியவர் ராட் செர்லிங். அவர் இரண்டாம் உலகப்போரில் வான்குடைப் படைப்பிரிவில் பணியாற்றியவர்; போர் முடிந்தபின் தொலைக்காட்சி நாடகங்கள் எழுதிப் புகழ்பெற்றவர். 1955ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையரால் கொல்லப்பட்ட கொடுமையைத் தழுவி அவர் ஒரு நாடகம் எழுதினார். விளம்பரதாரரும் தொலைக்காட்சி நிறுவனத்தாரும் எதிர்ப்புக்கு அஞ்சி, மூலநிகழ்வின் அடையாளமே தெரியாதவாறு அந்நாடகத்தை மாற்றிவிட்டனர். தெருவில் நடப்பதை நேரே சொல்ல இயலாதென்று கண்ட செர்லிங், அதனை வேற்றுக்கோளிலும் எதிர்காலத்திலும் வைத்துச் சொல்லத் தொடங்கினார். உண்மையைக் கூறுவதற்கு எஞ்சியிருந்த வழியாக அறிவியல் புனைவு அவருக்கு அமைந்தது.

இவ்வரலாறு ஓர் அடிப்படைக் கருத்தை உணர்த்துகிறது. எதிர்காலத் தொழில்நுட்பத்தின் தீங்குகளைப் பேசும் தொலைக்காட்சிப் புனைவுகள் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவை எழுதப்பட்ட காலத்து மனிதரைப் பற்றியவை. இயந்திரம் அங்கே ஒரு விளக்கைப் போன்றது. அவ்விளக்கின் வெளிச்சத்தில் தெரிவது மனித மனமே.

தொலைக்காட்சியோடு பிறந்த அச்சம்

இயந்திரத்தைக் குறித்த அச்சம் தொலைக்காட்சிக்கு முற்பட்டது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' என்னும் நாடகமே 'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு வழங்கியது. அச்சொல்லைப் பரிந்துரைத்தவர் அவருடைய தமையனாராகிய ஓவியர் யோசெப் சாப்பெக். செக் மொழியில் அச்சொல்லின் வேர், கட்டாய உழைப்பைக் குறிப்பது. மனிதருக்காக உழைக்கப் படைக்கப்பட்டவர்கள் தம்மைப் படைத்தவர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுவதே அந்நாடகத்தின் கதை. பிறரை உழைக்க வைத்துத் தான் ஓய்ந்திருக்க விரும்பும் மனிதப் பேராசையே அதன் உட்பொருள்.

இலண்டனில் பி.பி.சி. நிறுவனம் தனது தொலைக்காட்சிச் சேவையை 1936இல் தொடங்கியது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அந்நிறுவனம் சாப்பெக்கின் நாடகத்தைச் சுருக்கி ஒளிபரப்பியது. தொலைக்காட்சியில் இடம்பெற்ற முதல் அறிவியல் புனைவு அதுவே என்பர். புதிய தொழில்நுட்பம் ஒன்று, தான் தவழும் பருவத்திலேயே, தொழில்நுட்பத்தின் தீங்கைக் கூறும் கதையைத் தேடிக்கொண்டது வியப்புக்குரியது.

தமிழ்ச் சூழலிலும் இம்மரபின் தடம் உண்டு. சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' வார இதழில் தொடராக வெளிவந்து, பின்னர்த் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஜீனோ என்னும் இயந்திர நாயின் குறும்புப் பேச்சு பலரது நினைவில் நிற்கிறது. ஆனால் அக்கதையின் களமோ இருண்டது. ஜீவா என்னும் ஒருவரின் ஆணைக்கு நாடு முழுதும் கட்டுப்பட்டிருக்கிறது; பிள்ளை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். அடிபணிந்து பழகிய மக்கள், தாம் வணங்கும் தலைவர் உண்மையில் யார் என்று கேட்கவும் மறந்துபோகின்றனர். கேள்வி கேட்கும் துணிவு ஒரு பெண்ணிடமும் ஓர் இயந்திர நாயிடமும் எஞ்சியிருப்பதே அக்கதையின் கூர்மை.

அணைந்த திரை

இம்மரபில் அண்மைக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட தொடர் 'பிளாக் மிரர்' ஆகும். 'கருங்கண்ணாடி' எனத் தமிழில் கூறலாம். பிரித்தானிய எழுத்தாளர் சார்லி புரூக்கர் உருவாக்கிய இத்தொடர், 2011ஆம் ஆண்டு டிசம்பரில் 'சேனல் 4' தொலைக்காட்சியில் தொடங்கியது; 2016 முதல் நெட்பிளிக்ஸ் வழியாக வெளிவருகிறது. ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. கதை மாந்தரும் களமும் மாறிக்கொண்டே இருக்கும். தொழில்நுட்பமும் மனித வாழ்வும் எதிர்ப்படும் இடம் மட்டும் மாறாதிருக்கும்.

பெயர்க்காரணம் எளியது. தொலைக்காட்சி, கணினி, திறன்பேசி ஆகியவற்றின் திரைகள் ஒளிரும்போது உலகத்தைக் காட்டுகின்றன. அணைந்தவுடன் அவை கரிய கண்ணாடியாகின்றன. அப்போது அதில் தெரிவது, அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம். தொடரின் கதைகள் அனைத்துக்கும் திறவுகோலாக இப்பெயர் அமைகிறது.

தீமை நுழையும் வாயில்

பழைய கதைகளில் தீய அறிவியலாளர் ஒருவர் இருப்பார். அல்லது தானாகவே கொடுமை புரியும் இயந்திரம் ஒன்று இருக்கும். 'கருங்கண்ணாடி'யின் சிறந்த கதைகளில் அத்தகைய தீயவரைத் தேடினாலும் காண்பது அரிது. எளிய மனிதர் ஒருவர், நல்லெண்ணம் ஒன்றின் பொருட்டு, ஒரு கருவியை ஏற்கிறார். அந்த இசைவிலிருந்தே துன்பம் தொடங்குகிறது.

2017இல் வெளியான 'ஆர்க்ஏஞ்சல்' என்னும் கதையில் தாயொருத்தி தன் சிறுமகளைப் பூங்காவில் சிறிதுநேரம் தொலைத்துத் தவித்துப்போகிறாள். இனி அவ்வாறு நேரக்கூடாதென்று, மகளின் தலையில் ஒரு கண்காணிப்புக் கருவியைப் பொருத்தச் செய்கிறாள். மகள் இருக்குமிடம், அவள் உடல்நிலை, அவள் கண் காணும் காட்சி ஆகிய அனைத்தையும் தாய் தன் கையிலுள்ள திரையில் காணலாம். அச்சந்தரும் காட்சிகள் மகளின் கண்ணுக்குத் தெரியாதவாறு மங்கச் செய்யவும் இயலும். ஒருநாள் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். அருகில் நிற்கும் குழந்தைக்கு அவர் படும் துன்பம் மங்கலாகிவிடுவதால், என்ன நேர்ந்ததென்றே அவளுக்குப் புரிவதில்லை. வளர்ந்தபின், தன் வாழ்வின் ஒவ்வொரு மறைவிடத்தையும் தாய் எட்டிப் பார்த்திருக்கிறாள் என்று அறிந்த மகள், வீட்டைவிட்டே நீங்குகிறாள். இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே இழப்புக்குக் காரணமாகிறது. இத்தாயைக் கொடியவள் எனக் கூறுவார் எவருமில்லை. பள்ளி முடிந்து பிள்ளை வீடு திரும்பக் காலந்தாழும்போது வாயிலில் நிற்கும் எந்தத் தாய்க்கும் அக்கருவியை மறுப்பது எளிதன்று.

2011இல் வெளியான 'தி என்டயர் ஹிஸ்டரி ஆஃப் யூ' என்னும் கதையில் மக்கள் கண்டதும் கேட்டதும் காதருகே பொருத்தப்பட்ட சிறுகருவியில் பதிவாகின்றன. விரும்பியபோது அவற்றை மீண்டும் காணலாம். மறதி என்பதே இல்லாத அவ்வுலகில், மனைவியின்மீது ஐயங்கொண்ட கணவன் ஒருவன் பழைய உரையாடல்களையும் முகக்குறிப்புகளையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். அவன் ஐயம் பொய்யன்று என்பது இறுதியில் தெரியவருகிறது. ஆனால், உண்மையை அறிந்த அவனிடம் எஞ்சுவது வெறுமையான வீடு மட்டுமே. மன்னிப்பதற்கு மறதியும் துணைசெய்கிறது என்பதை இக்கதை உரைக்கிறது.

2013இல் வந்த 'பி ரைட் பேக்' பிரிவுத்துயரைப் பேசுவது. விபத்தில் துணைவனை இழந்த பெண், அவன் விட்டுச்சென்ற செய்திகளையும் பதிவுகளையும் கொண்டு அவனைப்போலவே பேசும் மென்பொருளோடு உரையாடுகிறாள். பின்னர் அவனைப் போன்ற செயற்கை உருவத்தையும் பெறுகிறாள். அவ்வுரு இனிமையாகப் பேசுகிறது, சொன்னதைச் செய்கிறது, சினப்பதே இல்லை. அந்தப் பணிவே அது அவன் அன்று என்பதை அவளுக்கு ஒவ்வொரு நாளும் நினைவூட்டுகிறது. இக்கதை வெளிவந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 2020இல், தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. இறந்துபோன சிறுமகளின் உருவத்தை மெய்நிகர் தொழில்நுட்பத்தால் உருவாக்கி, அவள் தாயோடு சந்திக்கச் செய்த காட்சி அதில் இடம்பெற்றது. அத்தாய்க்கு அது ஆறுதலா, ஆறாத புண்ணா என்பது குறித்துப் பல நாடுகளிலும் மக்கள் கருத்து மாறுபட்டனர். புனைவு முன்வைத்த வினாவை வாழ்க்கை அதே வடிவில் எழுப்பியது.

பாதுகாப்பு, உண்மை, அன்பு ஆகிய மூன்றும் மனிதர் போற்றும் விழுமியங்கள். மேற்கண்ட கதைகளில் தீமை நுழைவது அவற்றின் வாயிலாகவே. எனவே, 'நல்லவர் கையில் கருவி இருந்தால் நன்மை. தீயவர் கையில் இருந்தால் தீமை' என்று வழக்கமாகக் கூறப்படும் விளக்கம் போதுமானதாகாது. நல்லவர் கையில் அளவிறந்த ஆற்றல் சேரும்போதும் தீங்கு விளையக்கூடும். அளவு, எல்லை, மறுக்கும் உரிமை ஆகியவை இல்லாத இடத்தில் அன்பும் கண்காணிப்பாக மாறிவிடுகிறது.

மறுப்புரைகளும் அவற்றின் தகுதியும்

இத்தகைய படைப்புகள்மீது இரண்டு குறைகள் கூறப்படுகின்றன. இவை இளைஞரிடம் அறிவியல்மீது வெறுப்பை வளர்க்கின்றன என்பது முதலாவது. தடுப்பூசி, செயற்கைக்கோள், மின்விசை ஆகியவற்றால் உயிர்கள் காக்கப்பட்டதையும் உழைப்பின் சுமை குறைந்ததையும் இவை பேசுவதில்லை. இருளை மட்டுமே தீட்டிக் காட்டுகின்றன என்பர். இக்கூற்றில் உண்மையுண்டு. இவற்றை மட்டுமே பார்த்து வளரும் ஒருவர், ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் சதியாகக் கருதும் மனநிலைக்கு ஆளாகக்கூடும். ஆயினும், மருந்துப்பெட்டியின்மீது பக்கவிளைவுகளை அச்சிடுவது மருத்துவத்தை வெறுப்பதாகாது. புதிய கருவிகளின் நன்மைகளை எடுத்துரைக்க விற்பனையாளர் பலர் உளர். அவற்றின் மறுபக்கத்தைக் காட்டுவோர் சிலரேனும் இருத்தல் நன்று.

இரண்டாவது குறை, இவை மிகைப்படுத்துகின்றன என்பது. 2016இல் வெளியான 'நோஸ்டைவ்' கதையில் மக்கள் ஒருவருக்கொருவர் ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுகின்றனர். நல்ல குடியிருப்பில் வீடு பெறுவதும் விமானப் பயணமும் அம்மதிப்பெண்ணைப் பொறுத்தவை. 4.2 புள்ளிகள் பெற்ற பெண்ணொருத்தி அதனை 4.5ஆக உயர்த்த விரும்பி, எந்நேரமும் புன்னகையை அணிந்து திரிகிறாள். அவள் முயலுந்தோறும் புள்ளிகள் சரிகின்றன. இறுதியில் சிறையில் அடைக்கப்படும்போதுதான், மதிப்பெண்ணைக் குறித்த கவலையின்றி மனத்தில் பட்டதை உரக்கப் பேசுகிறாள். இது மிகை என்பதில் ஐயமில்லை. ஆனால் வாடகைக் கார் ஓட்டுநரும் உணவு கொண்டுவரும் இளைஞரும் இன்று விண்மீன் குறிகளால் மதிப்பிடப்படுகின்றனர். வாடிக்கையாளர் ஒருவர் சலிப்போடு தொட்டுச்செல்லும் ஒற்றை விண்மீன், மற்றொருவரின் அன்றாட வருவாயைப் பாதிக்கக்கூடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாததைக் காட்டுவதில்லை. இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மிகையின் பணியும் அத்தகையதே.

எச்சரிக்கையே சரக்காகும்போது

மேற்கூறிய இரு குறைகளையும்விட வலிமையான மூன்றாவது குறை ஒன்று உண்டு. அதனை வெளியார் கூறும் முன்பே அத்தொடர் தானே கூறிவிட்டது.

2011இல் வந்த 'பிப்டீன் மில்லியன் மெரிட்ஸ்' கதையில் இளைஞர்கள் நாள்முழுதும் மிதிவண்டி மிதித்து மின்னாற்றல் உண்டாக்குகின்றனர். அதற்குக் கூலியாகப் புள்ளிகள் கிடைக்கின்றன. அவர்கள் வாழும் அறைகளின் சுவர்களே திரைகள். விளம்பரத்தைப் பார்க்காமல் தவிர்ப்பதற்கும் புள்ளிகளை இழக்க வேண்டும். இளைஞன் ஒருவன், தான் விரும்பும் பெண்ணின் இனிய குரல் உலகுக்குக் கேட்கட்டும் என்று, தன்னிடமிருந்த ஒன்றரைக் கோடிப் புள்ளிகளையும் செலவிட்டு அவளைத் திறனறி நிகழ்ச்சி ஒன்றுக்கு அனுப்புகிறான். நடுவர்கள் அவள் பாட்டை ஒதுக்கி, இழிவான தொழில் ஒன்றுக்கு அவளை உடன்படச் செய்கின்றனர். வெகுண்ட அவன் மீண்டும் உழைத்துப் புள்ளி சேர்த்து, அதே மேடையில் ஏறுகிறான். உடைந்த கண்ணாடித் துண்டைத் தன் கழுத்தருகே பிடித்துக்கொண்டு, அந்த வாழ்க்கைமுறையின் பொய்மையைக் கொந்தளித்துப் பேசுகிறான். அரங்கம் உறைகிறது. பின்னர் நடுவர் அவனைப் பாராட்டுகிறார். அதே சினத்தோடு வாரந்தோறும் பேச அவனுக்கு ஒரு நிகழ்ச்சியும் அளிக்கிறார். அவன் அதனை ஏற்றுக்கொள்கிறான். புதிய, விரிந்த அறையில், கண்ணாடித் துண்டு அழகிய பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது.

தொழில்நுட்பத்தின் கேட்டைப் பேசும் தொலைக்காட்சித் தொடர் ஒவ்வொன்றும் இக்கதையில் தன்னைக் காணலாம். எதிர்க்குரலும் விற்பனைப் பொருளாகிவிடுகிறது. சந்தா செலுத்தியவர் அடுத்த பகுதியைத் தானாகவே தொடரும் திரையில் பார்த்துவிட்டு, அச்சத்தைச் சுவைத்த நிறைவோடு உறங்கச் செல்கிறார். 2023இல் வெளியான 'ஜோன் இஸ் ஆஃபுல்' கதையில், பெண்ணொருத்தியின் அன்றாட வாழ்வை அவள் திறன்பேசி வழியே திரட்டி, கணினியின் துணையால் நாடகத் தொடராக்கி வெளியிடுகிறது ஓர் இணையவழி நிறுவனம். அவள் வழக்கறிஞரை நாடுகிறாள். படிக்காமலே அவள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளில் அதற்கான இசைவு அடங்கியிருக்கிறது என்று வழக்கறிஞர் காட்டுகிறார். கதையில் வரும் நிறுவனத்தின் தோற்றம், அக்கதையை வெளியிட்ட நிறுவனத்தையே பகடி செய்வது. பார்வையாளர் சிரிக்கின்றனர், பின்னர் அடுத்த செயலியைத் திறந்து, அங்குள்ள விதிமுறைகளையும் படிக்காமலே ஒப்புக்கொள்கின்றனர்.

இங்குதான் இவ்வகைப் படைப்புகளின் உண்மையான இடர் உள்ளது. அவை அறிவியலை வெறுக்கச் செய்யும் என்பதைவிட, அச்சத்தைப் பழக்கமாக்கி, 'இனி எதுவும் செய்வதற்கில்லை' என்னும் சோர்வை விதைக்கும் என்பதே அஞ்சத்தக்கது. தப்ப வழியில்லை என்று நம்புகிறவர் வழியைத் தேடமாட்டார்.

அச்சம் செயலானபோது

அச்சம் சோர்வாக முடியவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அதற்கு வரலாற்றில் சான்றுண்டு.

அணு ஆயுதப் போர் நேர்ந்தால் பிரித்தானிய நகரங்களில் என்ன நடக்கும் என்பதைச் சித்திரிக்கும் 'தி வார் கேம்' என்னும் படத்தை பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் பி.பி.சி.க்காக உருவாக்கினார். தொலைக்காட்சியில் காட்டவியலாத அளவு கொடூரமானது எனக் கூறி அந்நிறுவனம் அதனை ஒளிபரப்பாமல் நிறுத்திவைத்தது. திரையரங்குகளில் காட்டப்பட்ட அப்படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஆயினும் தொலைக்காட்சியில் அது இடம்பெற 1985 வரை இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மக்கள் அஞ்சினால் வினவத் தொடங்குவர் என்பதை அதிகாரத்தில் இருப்போர் அறிந்தே இருந்தனர்.

1983ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி 'தி டே ஆஃப்டர்' என்னும் படத்தை ஒளிபரப்பியது. அணுகுண்டு வீழ்ந்தபின் கான்சாஸ் மாநிலத்து மக்கள் படும் அவலத்தைக் காட்டிய அப்படத்தை ஏறத்தாழ 10 கோடிப் பேர் கண்டனர். படம் முடிந்தவுடன் அறிவியலாளர் கார்ல் சேகன், முன்னாள் வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் முதலியோர் பங்கேற்ற கலந்துரையாடல் ஒளிபரப்பப்பட்டது. அப்படத்தை முன்கூட்டியே பார்த்த குடியரசுத்தலைவர் ரொனால்டு ரீகன், அது தம்மை ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாக்கியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1987இல் அவரும் சோவியத் தலைவர் கோர்பசேவும் நடுத்தொலைவு அணு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஒரு படமே அவ்வுடன்படிக்கையை உண்டாக்கிவிட்டது எனக் கூறுவது மிகையாகும். அரசியல், பொருளாதாரக் காரணங்கள் பல அதன் பின்னணியில் இருந்தன. எனினும், அன்று அந்த அச்சம் தனிமனிதரின் வரவேற்பறையோடு நின்றுவிடவில்லை. பார்த்தவர்கள் ஒருவரோடொருவர் பேசினர்; ஆட்சியாளரை வினவினர்.

அணுகுண்டைக் குறித்த அச்சத்துக்கு ஒரு முகவரி இருந்தது. அதன் விசை யாரிடம் உள்ளது என்று மக்கள் அறிந்திருந்தனர். இன்றைய அச்சத்துக்கோ தெளிவான முகவரி இல்லை. ஆபத்து தொலைவிலுள்ள பாசறையில் இல்லை, சட்டைப்பையில் உள்ளது. அதனை வாங்கியவர் பார்வையாளர். இசைவு தந்தவரும் அவரே. யாரை எதிர்ப்பது என்று தெரியாதபோது, எதிர்ப்பு முணுமுணுப்பாகத் தேய்ந்துவிடுகிறது. இன்றைய பார்வையாளருக்குக் கூடுதல் பொறுப்பு இருப்பது இதனால்தான்.

வினாவாக மாறவேண்டிய அச்சம்

திருக்குறளின் 'அறிவுடைமை' அதிகாரத்தில் ஒரு நுட்பமான வரிசைமுறை உள்ளது. அஞ்சத் தகுந்ததற்கு அஞ்சுவது அறிவுடையோர் இயல்பு என்று ஒரு குறள் உணர்த்துகிறது. வரக்கூடியதை முன்னறிந்து காத்துக்கொள்வோருக்கு நடுங்கத்தக்க துன்பம் இல்லை என்று அதனை அடுத்து வரும் குறள் உணர்த்துகிறது. அச்சத்தோடு வள்ளுவர் நிறுத்தவில்லை; காத்தலை அதற்கு அடுத்த படியாக வைத்தார். இருண்ட புனைவுகளைப் பார்ப்போர் முதற்படியில் ஏறிவிடுகின்றனர். இரண்டாம் படியில் ஏறுவதே எஞ்சியிருக்கும் கடமை.

அதற்கு உரிய வழி, அச்சத்தை வினாவாக்குவது. புதிய கருவியோ செயலியோ முன்வைக்கப்படும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். இதனால் பயன்பெறுவோர் யார்; விலை கொடுப்போர் யார்? இதனை மறுப்பவருக்கு என்ன நேரும்; மறுக்கும் உரிமை உண்மையிலேயே உள்ளதா? இது தவறிழைத்தால் பொறுப்பேற்பவர் யார்? கண்காணிக்கப்பட்ட மகளுக்கு மறுக்கும் உரிமை இருந்திருந்தால் அக்கதை வேறுவிதமாக முடிந்திருக்கும். விதிமுறைகளைப் படிக்காமல் ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு முதல் வினா தோன்றியிருந்தால் அவள் விரல் சற்றுத் தயங்கியிருக்கும்.

இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மக்களின் நடத்தைக்கு மதிப்பெண் இட்டு அதன் அடிப்படையில் அவர்களை முறையின்றி நடத்துவதைத் தடைசெய்கிறது. இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் நடத்தையை நிறுவனங்கள் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கு எதிரான விதியைக் கொண்டுள்ளது. இவை முழுமையான காப்பு எனக் கூறிவிட முடியாது. சட்டம் எழுதப்படுவது ஒன்று, கடைப்பிடிக்கப்படுவது மற்றொன்று. ஆயினும், 'இனி எதுவும் செய்வதற்கில்லை' என்னும் சோர்வு பிழையானது என்பதற்கு இவை போதிய சான்று. மதிப்பெண் உலகம் விதிக்கப்பட்ட ஊழன்று. மனிதர் கூடிப் பேசினால் தடுக்கக்கூடிய ஒன்று.

சட்டம் எட்டாத இடங்களும் உள்ளன. தாய் தன் மகளின் திறன்பேசியைத் திறந்து பார்க்கலாமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க இயலாது. நண்பனின் அனுமதியின்றி அவன் படத்தை வகுப்புக் குழுவில் பகிரலாமா என்பதைத் தீர்மானிப்பதும் நாடாளுமன்றமன்று. அங்கே எல்லை வகுக்க வேண்டியவர்கள் அந்தத் தாயும் மகளும், அந்த நண்பர்களுமே. தொழில்நுட்பத்தின் மீதான தேர்தல் நாள்தோறும் நடக்கிறது. அதில் ஒவ்வொரு தொடுகையும் ஒரு வாக்கு.

மேப்பிள் தெருவின் மக்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டது மின்சாரம் நின்றதால் அன்று. விளக்கு அணைந்த நேரத்தில் அண்டைவீட்டாரின் கையைப் பற்றுவதற்கு மாறாக, அவர்மீது கல்லெறியத் துணிந்ததே காரணம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கதை பழமைப்படாதிருப்பதற்கு இதுவே அடிப்படை. கருவிகள் மாறியுள்ளன. அவற்றை ஏந்தும் கைகளின் நடுக்கமும் ஆசையும் மாறவில்லை.

ஆகவே, இருண்ட அறிவியல் புனைவுகளைப் பார்க்கலாம், பார்ப்பது நன்று. பார்த்து முடித்தபின் அடுத்த பகுதி தானாகத் தொடங்குவதற்குச் சில நொடிகள் இடைவெளி உண்டு. அந்த நொடிகளில் திரையை அணைத்துவிடும் துணிவு வேண்டும். அணைந்த திரையில் தெரியும் முகத்தோடு உரையாடுபவருக்கே அக்கதை பயன் தருகிறது.